பால் பீப்பாயில் நான் எழுதிய எழுத்து

செஞ்சி
வெள்ளிக்கிழமை, காலை

என் மகனுக்கு,

உன் கடிதம் வந்து பதினோரு நாட்கள் ஆகின்றன. நான்கு முறை பதில் எழுதிக் கிழித்தேன். எதை முதலில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடலாம் என்று பார்ப்பதிலேயே ஒவ்வொரு தாளும் வீணாயிற்று. ஆகவே, முப்பது வருஷம் பாடக்குறிப்பு எழுதிய பழக்கத்தில், சொல்ல வேண்டியவற்றை முதலில் எண் போட்டு எழுதிக்கொள்கிறேன். எண் போட்டுவிட்டால் நடுவில் ஒன்றை மறைக்க முடியாது.

1. இதைப் படித்ததும் நீ முதலில் செய்ய வேண்டியது.
2. அந்த எழுத்தை நான் எதற்காகச் செய்தேன், யார் யாருக்குக் கொடுத்தேன் என்பது.
3. தேவராஜுவின் பொட்டலமும், ஒரு சொல்லை எழுத மறுத்த என் விரதமும்.
4. கோட்டைக் குரங்குகள்.
5. செல்வி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
6. உன் கம்பெனியின் பூச்சி மருந்து அடுத்த மாதம்தான் கடைகளுக்கு வருகிறது. ஆகவே தடுக்க இன்னும் காலம் இருக்கிறது என்பது.

முதலாவது. மாதிரிப் பொட்டலங்களை வீட்டு மேசைமேல் அடுக்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். பத்மா அவற்றைப் பார்த்து "தாத்தா, தாத்தா" என்று கை நீட்டுகிறாள், இரண்டு வயதுக் குழந்தை உங்கள் எழுத்தை அடையாளம் கண்டுகொள்கிறாள் நைனா என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அவள் எதை அடையாளம் கண்டாள் என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கு உன் அம்மா பொரிவிளங்காய் உருண்டை பிடித்து அனுப்பினாளே, அந்த டப்பாவின்மேல் பத்மாவின் பெயரை அந்த எழுத்தில்தான் எழுதினேன். அதற்கு முன்பு அனுப்பிய கடலைமிட்டாய் டப்பாவிலும் அப்படித்தான். அந்த எழுத்துக்குப் பின்னால் தின்பண்டம் இருக்கும் என்று உன் மகளுக்குக் கற்பித்தவன் நான். உன் கடிதம் வந்த அன்றே ஒரு கார்டு போட்டேன்: "பொட்டலங்களைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்." காரணம் எழுதவில்லை. காரணம் இல்லாத புத்திமதியைக் கிழவனின் பயம் என்று நீ ஒதுக்கியிருப்பாய். இப்போது எழுந்து போய் அவற்றைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வா. பிறகு உட்கார்ந்து மீதியைப் படி.

இரண்டாவது. நீ ஹைஸ்கூலில் சேர்ந்த சமயம், என் பள்ளிக்கூடத்துக்குப் பால் பவுடர் வரத் தொடங்கியது. எங்கோ வெளிநாட்டிலிருந்து பீப்பாய் பீப்பாயாக வந்த வெள்ளைத் தூள். வெந்நீரில் கரைத்துக் கொடுத்தால், அதன் வாசனை பிடிக்காமல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு வருவார்கள். காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள். மற்ற வாத்தியார்கள் பிரம்பை எடுத்தார்கள். எனக்குப் பிரம்பு வராது. ஆகவே தூரிகையை எடுத்தேன். பீப்பாயின் வயிற்றில் 'பால்' என்று எழுதினேன். ப, தொந்தி பெருத்த குழந்தை தரையில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. அதன் பக்கத்துக் கால், நொண்டி விளையாடுகிறவனின் கால்போல் சாய்ந்திருந்தது. ல-வின் நுனியை ஆட்டுக்குட்டியின் வால்போல் மேலே சுருட்டினேன். புள்ளியை மட்டும் எறிந்து பிடிக்கிற பந்தளவுக்குப் பெரிதாக வைத்தேன். ஓர் எழுத்தும் கோட்டில் நிற்காது. ஒன்று எம்பும், ஒன்று அமரும். பிள்ளைகள் பீப்பாயைச் சுற்றி நின்று சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே குடித்தார்கள். என் வாழ்நாளில் நான் செய்த காரியங்களில் உடனே பலன் தந்தது அது ஒன்றுதான். அந்த மயக்கத்தில் மற்ற எழுத்துகளையும் அதே சாடையில் வரைந்து, மேலே வைத்து மை தடவினால் எழுத்து விழும்படி மண்ணெண்ணெய் டின்னைப் பிரித்துத் தகடு தகடாக வெட்டி வைத்தேன். அவற்றைத்தான் இப்போது நீ கேட்கிறாய்.

ஊரில் அதற்குச் 'சிரிப்பெழுத்து' என்று பெயர் வந்துவிட்டது. கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். கோட்டை வாசலில் கடலைப் பொட்டலம் விற்றவருக்கு எழுதிக் கொடுத்தேன். பஞ்சுமிட்டாய் வண்டிக்குக் கொடுத்தேன். உன் பென்சில் பெட்டியின் மூடியில் உன் பெயரை எழுதினேன். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் காணாமல்போகும் பிள்ளைகளை உட்காரவைக்கும் கொட்டகைக்கு ஒரு பலகை கேட்டார்கள், எழுதினேன். அன்று நடந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். பலகையைக் கட்டிய அரைமணி நேரத்தில், அழுதுகொண்டே இரண்டு பிள்ளைகள் தாமாக வந்து அதன் அடியில் நின்றார்கள். யாரும் அழைத்து வரவில்லை. இருவருக்கும் அ, ஆ தெரியாது. அவர்கள் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தம்பிகள். அக்காளோடு வந்து பால் குடித்துவிட்டுப் போகிறவர்கள். கொட்டகையில் இருந்தவர்கள் என்னைக் கொண்டாடினார்கள். சொல்லைப் படிப்பதற்கு முன்பே வடிவம் போய்ப் பேசிவிடுகிறது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். பார்த்துச் சந்தோஷப்பட்டேன். உன் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: "நைனா, இந்த எழுத்தைப் பார்த்தால் யாருக்கும் பயமே வராது. எங்களுக்கு வேண்டியது அதுதான்." அதன் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

மூன்றாவது. நீ மெட்ராஸில் காலேஜ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உரக்கடை வைத்திருந்த தேவராஜுவை உனக்கு நினைவிருக்கும். என்னோடு திண்டிவனத்தில் படித்தவன். ஒருநாள் என்னைக் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்தான்.

"வாத்தியாரே, என் கடைக்கு ஒரு வழி பண்ணு. பூச்சி மருந்துன்னாலே ஜனங்க பேயக் கண்டா மாதிரி ஓடுது. மூட்டையா வாங்கி நானே சின்னப் பொட்டலமா கட்டப் போறேன். பசங்களுக்குப் பால் குடுக்க எழுதினியே, அந்த எழுத்த மேல போட்டுக் குடு."

"தேவராஜு, நாங்க ஜைனருங்க, எறும்புப் புத்த மிதிக்காம சுத்திக்கினு போறவங்க. விஷம்னு என் கையால எழுத மாட்டேன்."

"யோவ், எழுதுன்னு நான் கேட்டனா? விஷம்னு போட்டா எவன் வாங்குவான்? 'நெல் காவலன்'னு எழுது. காவல் காக்குறதுல உங்க சாமிக்கு இன்னா கோவம்?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூட்டையின்மேல் அச்சடித்திருந்த வாசகத்தை அவன் எடுத்துக் காட்டினான். அதன் கடைசி வரியில் 'விஷம், ஜாக்கிரதை' என்று இருந்தது. அந்த வரியை விட்டுவிட்டால் மற்றதை எழுதித் தருகிறேன் என்று நிபந்தனை போட்டவன் தேவராஜு அல்ல, நான். கொல்லும் சொல் ஒன்றை என் கை எழுதாது என்பது என் விரதம். அந்த விரதம் எனக்குப் பெரிதாக இருந்தது. நம் வீட்டில் அப்படிப்பட்ட தூள் எதையும் வைத்துக்கொண்டதே இல்லை; அது எந்த நிறம், எவ்வளவு உள்ளே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. தகடுகளை வைத்துச் சிவப்பு மையில் 'நெல் காவலன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, கை கழுவி, பொழுது சாய்வதற்கு முன் வழக்கம்போல் சாப்பிட்டேன். விரதம் கெடாமல் நண்பனுக்கும் உதவிவிட்டோம் என்ற திருப்தியோடு சாப்பிட்டேன்.

நான்காவது. இரண்டு மாதம் கழித்து நான்காம் வகுப்பை ராஜகிரிக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். முதல் வளைவைத் தாண்டியதும் படியில் ஒரு குரங்கு மல்லாந்து கிடந்தது. அதற்கு மேல் இரண்டு. அதற்கு மேல் தாயும் குட்டியும். இன்னும் மேலே கிடந்தவற்றோடு மொத்தம் ஏழு எண்ணினேன். "தூங்குதா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். பிள்ளைகளைத் திருப்பி இறக்கினேன். தாய்க்குரங்கின் விரல்களுக்குள் சிவப்பு எழுத்துப் போட்ட காகிதம் கசங்கியிருந்தது. கோட்டைக்குள் நடவு நடந்துகொண்டிருந்தது. யாரோ வரப்பில் வைத்த பொட்டலங்களை அவை தூக்கிவந்திருக்கின்றன. கடலைப் பொட்டலத்திலும் அதே எழுத்து, அதே சிவப்பு. ஊரில் ஏதோ நோய் என்று பேசிக்கொண்டார்கள். அனுமார் கோபம் என்று ஒருவர் கற்பூரம் ஏற்றினார்.

குரங்குக்கு எழுத்துத் தெரியுமா என்று நீ சிரிப்பாய். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். ஒரே அளவுக் காகிதத்தில் நான்கு பொட்டலம் கட்டி, நான்கிலும் கடலை வைத்து, ஒன்றில் மட்டும் சிவப்பு மையில் சிரிப்பெழுத்து, இரண்டில் கறுப்பு மையில் சாதாரண எழுத்து, ஒன்றில் வெறும் கோடு என்று அகழி மதில்மேல் வரிசையாக வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்றினேன். எட்டு முறை செய்து பார்த்ததில் ஏழு முறை சிரிப்பெழுத்துத்தான் முதலில் போயிற்று. நோட்டு இன்னும் இருக்கிறது. ஏழு முறை பார்த்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? தேவராஜுவின் கடைக்கு ஓடியிருக்க வேண்டும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எட்டு போதாது, பத்தாகட்டும் என்று நினைத்தேன். மேலும், எழுத்து காரணமா, சிவப்பு மை காரணமா என்று தெரியாமல் ஒரு வியாபாரியின் பிழைப்பில் கை வைக்கலாமா என்று நினைத்தேன். அதைச் சோதிக்க, சிரிப்பெழுத்தைக் கறுப்பு மையில் எழுதி ஒரு பொட்டலம் கட்டினேன். அது என் மேசைமேல் காத்திருந்த அன்று செல்வி பள்ளிக்கூடம் வரவில்லை.

செல்வி ஒன்றாம் வகுப்பு. அவள் அம்மா குப்பு நாற்று நடப் போகிறவள். நிலத்துக்காரர் வாங்கிவரச் சொன்ன பொட்டலத்தை, மறுநாள் கொண்டுபோகலாம் என்று குடிசையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அவள் வேலைக்குப் போனபின், காய்ச்சலில் படுத்திருந்த தம்பிக்குத் துணையாக இருந்த செல்வி அதைப் பிரித்திருக்கிறாள். உள்ளே வெள்ளைத் தூள். தம்ளரில் போட்டு, தண்ணீர் ஊற்றி, பள்ளிக்கூடத்தில் நான் கரைப்பதுபோலவே கரைத்திருக்கிறாள். இரண்டு வாய் குடித்துவிட்டு, மீதியைத் தம்பி எழுந்தால் கொடுக்கலாம் என்று மூடி வைத்திருக்கிறாள். அவன் எழுவதற்குள் இவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. அக்கம்பக்கத்தவர் எனக்கு ஆள் அனுப்பினார்கள். ஒரு லாரியை நிறுத்தி ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். தலை என் மடியில், கால் அவள் அம்மா மடியில். ஒரு வலிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"சார், உங்க எழுத்து போட்டிருந்திச்சி சார். பாலுன்னு குடிச்சேன். ஏன் சார் கசக்குது?"

லாரிச் சத்தத்தில் குப்புவின் காதில் அது விழவில்லை என்று நினைக்கிறேன். அவள் மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்டது. இன்றுவரை கேட்கிறது.

பிழைத்துவிட்டாள். வலது கை மட்டும் நடுங்க ஆரம்பித்தது, நிற்கவில்லை. பலப்பம் பிடிக்க முடியாமல் அடுத்த வருஷமே பள்ளியை விட்டாள். தேவராஜு மிச்சமிருந்த பொட்டலங்களை எல்லாம் பிரித்துக் கொட்டி, காகிதத்தைக் கடைக்குப் பின்னால் எரித்தான். "வாத்தியாரே, வாய மூடிக்கினு இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது" என்றான். மூடிக்கொண்டேன். ஊர், தாயைத் திட்டியது. எட்டுகிற இடத்தில் வைத்தாளாம், புத்திகெட்டவளாம். ஒருநாள் குப்பு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். "நீங்க படிச்சவரு, நீங்க சொல்லுங்க சார். நான் இன்னா பாவம் பண்ணேன்?" என்று கேட்டாள். நான் "எல்லாம் வினை அம்மா" என்றேன். வினை என்ற சொல்லை நம் வீட்டில் எவ்வளவு கவனமாகப் பயன்படுத்துவோம் என்று உனக்குத் தெரியும். செய்தவனைத்தான் அது சேரும் என்பார் என் நைனா. அதை எடுத்து, ஒன்றும் செய்யாத ஒரு பெண்ணின் தலையில் வைத்து அனுப்பினேன். அன்றிலிருந்து அவள் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. யார் என்ன சொன்னாலும் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

நீ இந்த வேலையில் சேர்ந்தபோது மேல்சித்தாமூர்ச் சொந்தக்காரர்கள் என்னிடம் வந்து, நம் குலத்துப் பையன் பூச்சி மருந்து விற்கலாமா என்று கேட்டார்கள். அப்போதும் இப்போதும் நான் பூச்சிகளுக்காகப் பேசவில்லை. அது உன் மனசாட்சிக்கு விட்டது. பயிர் காப்பாற்றப்பட வேண்டும், ஜனங்கள் சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். பயப்பட வேண்டிய பொருள் பயப்படும்படி இருக்கட்டும். பென்சில் பெட்டியை வைத்து நாலைந்து எழுத்துகளை உங்கள் ஓவியர் பிடித்துவிட்டார், முதல் மருந்துக்கு அது போதும், மற்ற மருந்துகளுக்குத்தான் தகடுகள் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். தகடுகளை அனுப்பமாட்டேன். இதுதான் நான் உனக்கு முதல்முறையாக இல்லை என்று சொல்வது. உன் மேலதிகாரியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவர் நம்பமாட்டார் என்றால் நோட்டுப் புத்தகத்தை அனுப்புகிறேன். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் 'விஷம்' என்று எழுதியிருக்கிறேன். கறுப்பு மையில், நேர்கோட்டில், வளைவோ வாலோ இல்லாமல். ஒரு பொட்டலத்துக்காக அந்தச் சொல்லை என் கை எழுதுவது இதுவே முதல் தடவை. நேற்று முழுவதும் எழுதிப் பார்த்தும் புள்ளி கொஞ்சம் உருண்டையாகவே வருகிறது; மன்னித்துக்கொள். பொட்டலத்தின் முகப்பில் இதுதான் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு மாதம் இருக்கிறது. அச்சை மாற்ற அது போதும் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். உன் அம்மா சந்தையிலிருந்து வந்துவிட்டாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. சந்தையில ஜீப் வந்து நிக்குது. மைக்கு வெச்சிப் பாட்டு போட்டுக்கினு, பசங்களுக்கெல்லாம் சும்மாவே காயிதத் தொப்பி குடுக்குறாங்க. பெரியவங்களுக்கு ஆளுக்கொரு பொட்டலம். பாத்தா உங்க எழுத்து! நம்ம புள்ள கம்பெனிதான்னு பக்கத்துல இருந்தவங்க கிட்ட சொன்னேன்."

கையிலிருந்த தொப்பியை விரித்துக் காட்டினாள். மஞ்சள் காகிதம், சிவப்பு மை. தொந்தி பெருத்த எழுத்து, நொண்டியடிக்கும் கால், பந்துபோல் புள்ளி. உன் பெயரில் இல்லாத எழுத்துகளை உங்கள் ஓவியர் தாமாகவே ஊகித்திருக்கிறார். உண்மையைச் சொல்கிறேன், என்னுடையதைவிட நன்றாக இருந்தது. ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு, "எத்தன பசங்க?" என்று கேட்டேன்.

"யாரு எண்ணுனா? சந்த முழுக்க மஞ்சத் தொப்பிதான். அந்தக் கை நடுங்குற பொண்ணு, செல்வி, அது மட்டும்தான் வாங்கல. ஆடு விக்க வந்திருந்திச்சி. தொப்பிய நீட்டுனதும் ஆட்டக்கூட விக்காம ஓட்டிக்கினு போயிட்டா. அவளுக்கு இன்னா கோவமோ." அப்புறம் தொப்பியை மடித்து அலமாரியில் வைத்தாள். "பத்மாவுக்கு ஒன்னு வாங்கிக்கினேன். அடுத்த வாட்டி போகும்போது குடுக்கலாம்."

பொட்டலத்தை எங்கே வைத்தாய் என்று கேட்டேன். கூடையில், வெல்லத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்துவிட்டேன்.

பொட்டலங்களை உடனே பூட்டச் சொல்லி உனக்குத் தந்தி கொடுக்கத் தபாலாபீசுக்குப் போகிறேன்; இதையும் அங்கேயே போட்டுவிடுவேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது என் தந்தி வந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். அதில் காரணம் இருந்திருக்காது; காரணம் இதுதான். அங்கிருந்து நேராக ஜீப்புக்குப் போகிறேன். அந்த ஆட்களிடம் என்ன பேசுவது என்று குறிப்பெடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தால் ஜீப் அடுத்த ஊருக்குப் போய்விடும். குப்புவும் சந்தையில் இருப்பாள். அவள் என்னிடம் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலை, அத்தனை பேருக்கு முன்னால், மைக்கைத் தந்தால் மைக்கில் சொல்லப் போகிறேன்.

எட்டு போதாது பத்தாகட்டும் என்று அன்று இருந்ததுபோல், இந்தக் கடிதம் சரியாக வரட்டும் என்று பதினோரு நாள் இருந்துவிட்டேன். மேலே ஆறாவதாக எழுதியது தவறு. காலம் இல்லை. நீ பார்க்க வேண்டும் என்பதற்காக அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.